நெடும்பயணத்துக்கு முன் கார் காட்டும் அறிகுறிகள்: எங்கே தொடங்கிப் பார்ப்பது, எப்போது மெக்கானிக்கிடம் விடுவது

விடுமுறை நெருங்கும் வாரத்தில் பட்டறைக்கு வருகிறவர்கள் அநேகமாக ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "நாளை மறுநாள் கிளம்புகிறோம், எதற்கும் ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்." எல்லாவற்றையும் பார்க்க அப்போது நேரம் இருக்காது. பழுது கண்ணில் பட்டாலும் பாகம் வந்து சேர நாள் இருக்காது. தவிர, நிற்கிற வண்டி பல கோளாறுகளைச் சொல்லவே சொல்லாது. தினம் கால் மணி நேரம் ஓடும் காரில் பதுங்கியிருக்கும் பழுது, ஐந்து பேரும் சாமான்களும் ஏறி, மூன்றாவது மணி நேரம் ஓடும்போதுதான் தலைகாட்டும்.

அதனால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே, பயணத்தில் போகப்போகும் அதே வேகத்தில், ஏசியைப் போட்டுக்கொண்டு, முடிந்தால் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். பாட்டை அணைத்துவிடுங்கள், காது வேண்டும். திரும்பியதும் எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டைக் கவனியுங்கள். வண்டி என்ன காட்டியதோ அதைக் கீழே தேடுங்கள். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைக் காலி செய்யும் காரணம் கடைசியில் வரும்.

## காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கிறது, அல்லது எடுக்கவே இல்லை

### 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும், டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன

முதலில் பேட்டரி முனைகள். பானட்டைத் திறந்து இரண்டு கிளாம்ப்புகளையும் கையால் திருகிப் பாருங்கள். இம்மியும் அசையக் கூடாது. அசைந்தாலோ, வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி பூத்திருந்தாலோ கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 10 எண் ஸ்பேனர் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவும் பழைய பல்துலக்கியும் போதும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு இறுக்குங்கள். புதுப் பேட்டரி வாங்கும் முடிவோடு வந்து, இந்த வேலையோடு திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர்.

அதன் பிறகும் இழுத்தால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 பரவாயில்லை. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் காலியென்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பும்போதும் மீட்டரைப் பாருங்கள். முள் 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே விழுந்தால், நிற்கும்போது என்ன காட்டியிருந்தாலும் பேட்டரிக்கு வலு போய்விட்டது. மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு உழைத்த பேட்டரி என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் இது கொஞ்சம் ஏறி இறங்கும். 12.5-லேயே நின்றுகொண்டிருந்தால் சார்ஜ் ஏறவில்லை: பெல்ட் தளர்ந்திருக்கலாம், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போயிருக்கலாம். இங்கே புதுப் பேட்டரி வாங்கிப் போட்டால் அதுவும் நடுவழியில் காலியாகும். பெல்ட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, மீதியை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

### ஒரே ஒரு 'டக்', விளக்குகள் மங்கவில்லை

ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது அதற்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான சாலினாய்டு. தட்டினால் ஒருமுறை ஓடும். அந்த ஒருமுறையை நம்பி ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

### நன்றாகச் சுழல்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

எரிபொருள் இருக்கிறதா, டேஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் உங்கள் வேலை இல்லை.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். அவற்றிலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி விழிக்காது.

## வெப்பம் காட்டும் முள் மேலே ஏறுகிறது

நெடும்பயணத்தில் எஞ்சினையே பலி வாங்கும் அறிகுறி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, அதாவது காலையில், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரிசர்வ் தொட்டியைப் பாருங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பழைய தொட்டிகளின் உட்சுவரில் கறை படிந்து, அந்தக் கறையே கூலன்ட் மட்டம் போலத் தோன்றும். காரை லேசாக ஆட்டுங்கள். உள்ளே திரவம் தளும்புவது தெரிந்தால்தான் அது மட்டம். தளும்பாவிட்டால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வெறும் கறையை.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட, 100 டிகிரியைத் தாண்டக்கூடிய திரவம். திறந்த அடுத்த நொடி முகத்தில்தான் பாயும்.

### நெரிசலில் ஏறுகிறது, வேகமாக ஓடினால் இறங்குகிறது

ஃபேன். வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் பியூஸ், பிறகு ரிலே. பியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலேயே எது எதற்கென்று படம் இருக்கும். இரண்டும் சரியாக இருந்தும் சுற்றவில்லையென்றால் மோட்டாரோ சென்சாரோ போயிருக்கும்; பட்டறைக்கு எடுத்துப் போங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றலாம், எனவே விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

### வேகத்திலும் மேட்டிலும் ஏறுகிறது, நெரிசலில் பிரச்சினை இல்லை

ரேடியேட்டர் முகப்பைப் பாருங்கள். பூச்சிகளும் தூசியும் உலர்ந்த இலைகளும் அடைத்திருந்தால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய தண்ணீரை அடித்துக் கழுவுங்கள். அழுத்தக் குழாயை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கழுவியும் ஏறினால், சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். எஞ்சின் கொதிக்கும்போதும் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் அது திறக்கவில்லை என்று பொருள். இந்தப் பாகம் மலிவு, வேலையும் குறைவு. அடுத்த சந்தேகம் உட்புறம் அடைத்த ரேடியேட்டர், அதற்கடுத்தது வாட்டர் பம்ப். இந்த இரண்டும் மெக்கானிக் வேலை.

### கூலன்ட் ஊற்ற ஊற்றக் குறைகிறது

அட்டையில் சொட்டு விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் ஹோஸ்கள், கிளிப்புகள், பம்ப் என்று சொட்டைப் பின்தொடருங்கள். ஹோஸை எஞ்சின் ஆறியபின் அழுத்திப் பாருங்கள். உப்பியோ, கொழகொழவென்றோ, வெடிப்புவிட்டோ இருந்தால் மாற்றுங்கள்.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால் சேதி கெட்டது. புகைபோக்கியில் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, இனிப்பான வாடை, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சோதிக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் கிட்டத்தில் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரத்தாலும் கொஞ்சம் பசை படியும் என்பதால், பசையை மட்டும் வைத்து எஞ்சினைப் பிரித்துவிட வேண்டாம். சோதனை முடியும்வரை இந்தக் காரில் பயணம் இல்லை. "தண்ணீர் ஊற்றிக்கொண்டே போய்விடலாம்" என்று ஆறுதல் சொல்லும் நண்பர் எல்லோருக்கும் இருப்பார். எஞ்சின் பிரிக்கும் செலவை அவர் தரமாட்டார்.

வழியில் முள் ஏறிவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். வியர்த்தாலும் பரவாயில்லை. அப்படியும் இறங்காமல் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த ஊர் இரண்டு கிலோமீட்டரில் இருந்தாலும் நிறுத்துங்கள்.

## பிரேக் மிதித்தால் ஏதோ சரியில்லை

### 'கீச்' என்று கிறீச்சிடுகிறது

காலையில் முதல் இரண்டு மூன்று முறை மட்டும் என்றால் இரவு ஈரத்தில் டிஸ்க்கில் படிந்த துரு, தேய்ந்து போய்விடும். நாள் முழுக்கக் கேட்டால், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்ந்ததைச் சொல்லும் தகடு டிஸ்க்கில் உரசுகிறது. சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்து பேட்டின் கனத்தைப் பார்க்கலாம். 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் பயணத்துக்கு முன் மாற்ற வேண்டும். ஆனால் வெளியிலிருந்து தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டுமே. பல கார்களில் உட்பக்கப் பேட்தான் முதலில் தேயும். எனவே வெளியே பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் சக்கரத்தைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள்.

### இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம்

பேட் முடிந்துவிட்டது, இப்போது தேய்வது டிஸ்க். மெக்கானிக்கைக் காருக்கு வரச் சொல்லுங்கள்.

### பெடல் பஞ்சு போல அமுங்குகிறது, அல்லது ஆழம் போகிறது

பிரேக் ஆயில் தொட்டியைப் பாருங்கள். பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதை அப்படியே நிரப்பிவிட்டால் அடுத்துப் புதுப் பேட் போடும்போது வழிந்து பெயின்ட்டை அரிக்கும். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போயிருந்து, பேட்டும் நன்றாக இருந்தால் எங்கோ கசிகிறது. நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் ஈரத்தைத் தேடுங்கள். கண்டால் வண்டியை எடுக்காதீர்கள்.

கசிவு இல்லை, மட்டமும் சரி, பெடல் மட்டும் அமுங்குகிறது என்றால் குழாய்களில் காற்று இருக்கிறது, அல்லது ஆயில் பழசாகிவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வருகிறவருக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. இரண்டு ஆண்டாக மாற்றவில்லையென்றால், மலைப்பாதை உள்ள பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடியுங்கள்.

### மிதித்தால் பெடல் துடிக்கிறது

எல்லாப் பிரேக்கிலும் துடித்தால் டிஸ்க் சீரற்றுப் போயிருக்கிறது. திடீரென்று முழுபலத்தில் மிதிக்கும்போது மட்டும் கடகடவென்று துடித்தால் அது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன் வேலையைச் செய்வது, காலை எடுக்காதீர்கள்.

### மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

சோதனை ஓட்டம் முடிந்ததும் நான்கு சக்கரங்களுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் இறுகிப் பிடித்திருக்கிறது. பெட்ரோலையும் தின்னும், டயரையும் தின்னும், நீண்ட ஓட்டத்தில் புகையும். மெக்கானிக் வேலை.

## ஸ்டீயரிங் நடுங்குகிறது, வண்டி ஒரு பக்கம் ஒதுங்குகிறது, சக்கரம் உறுமுகிறது

எதற்கும் முன்னால் காற்றழுத்தம். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் எண் இருக்கும். முழுச் சுமைக்கு வேறு எண்ணும் அங்கேயே இருக்கும். பயணத்துக்கு வேண்டியது இரண்டாவது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அதிகபட்ச எல்லை, அதை நிரப்பச் சொல்லவில்லை. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளவெடுங்கள். ஓடிச் சூடான டயர் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

### 80–100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் நடுக்கம்

சக்கர பேலன்சிங். நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம். ரிம்மின் உட்புறத்தில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலும் இப்படித்தான் நடுங்கும். கழுவிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பேலன்சிங் செய்தும் போகவில்லையென்றால் ரிம் வளைந்திருக்கலாம், அல்லது டயரே உள்ளே பிரிந்திருக்கலாம்.

### கையை விட்டால் ஒதுங்குகிறது

காற்று சரியாக இருந்தும் ஒதுங்கினால் அலைன்மென்ட். தேய்மானமே காரணத்தைச் சொல்லும்: ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், ஆங்காங்கே குழி விழுந்தால் ஷாக் அப்சார்பர்.

### வேகத்தோடு கூடும் 'ஊம்ம்' என்ற சத்தம்

நீண்ட வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி, மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால் வீல் பேரிங். இதை வைத்துக்கொண்டு நெடும்பயணம் போக வேண்டாம்.

### சத்தம் இல்லை, நடுக்கம் இல்லை, ஆனால் டயர் பழசு

பக்கவாட்டில் முட்டிக்கொண்டு சிறு வீக்கம் தெரிந்தால் அந்த டயர் முடிந்தது. பஞ்சர் கடையில் ஒட்டித் தர மாட்டார்கள், ஒட்டித் தந்தாலும் வாங்காதீர்கள். பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் தேய்ந்து அவற்றோடு சமமானால் மொட்டை. மழைப் பயணம் என்றால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது என் பழக்கம்.

வயதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பல தயாரிப்பாளர்கள் 10 ஆண்டுகளைக் கடைசி எல்லையாகச் சொல்கிறார்கள்.

## அட்டையில் ஈரம்

- நிறமில்லாத தண்ணீர், எஞ்சினுக்குச் சற்றுப் பின்னால்: ஏசி நீர். நிம்மதியாகத் தூங்குங்கள்.
- பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு: கூலன்ட். மேலே பாருங்கள்.
- பழுப்பு அல்லது கறுப்பு, பிசுபிசுப்பு: எஞ்சின் ஆயில். சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் பாருங்கள். முதல் இடம் ஆயில் ஃபில்டரும் வடிகால் போல்ட்டும், குறிப்பாகச் சமீபத்தில் ஆயில் மாற்றியிருந்தால்.
- சிவப்பு: ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். பட்டறை.
- சக்கரத்தருகே வெளிர் மஞ்சள், வழவழப்பு: பிரேக் ஆயில். வண்டியை எடுக்காதீர்கள்.
- பெட்ரோல் வாடை: ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

## எச்சரிக்கை விளக்கு எரிகிறது

சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். ஏதாவது ஒன்று எரியவே இல்லையென்றால் அதுவும் ஒரு கோளாறுதான். பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். தொல்லை தந்த விளக்கின் பல்பையே பிடுங்கிவிட்டு விற்கிற புத்திசாலிகள் உண்டு.

சிவப்பு ஆயில் குப்பி: அந்த நொடியே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். டிப்ஸ்டிக்கில் குறைந்திருந்தால் ஊற்றிப் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் எரிந்தால் இழுவை வண்டிதான்.

ஓடும்போது பேட்டரி விளக்கு: சார்ஜ் இல்லை. பெல்ட் அறுந்திருந்தால் சில கார்களில் வாட்டர் பம்ப்பும் நின்றிருக்கும், எனவே வெப்ப முள்ளைப் பாருங்கள். முள் ஏறாவிட்டால் ஏசியை அணைத்துவிட்டு அருகிலுள்ள பட்டறைவரை போகலாம்.

மஞ்சள் எஞ்சின் விளக்கு, நிலையாக: வண்டி இயல்பாக ஓடினால் முதலில் பெட்ரோல் மூடியை 'கிளிக்' கேட்கும்வரை திருகுங்கள். சில ஓட்டங்களில் அணையாவிட்டால் ஸ்கேனரில் குறியீட்டைப் படியுங்கள். குறியீட்டை அழிப்பது பழுதை நீக்குவது ஆகாது; விற்பனையாளர் எவ்வளவு சிரித்துக்கொண்டே அழித்துக் கொடுத்தாலும் சரி.

அதே விளக்கு, மின்னி மின்னி: எஞ்சினில் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். தொடர்ந்தால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடும், அது பிளக்கையும் காயிலையும்விடப் பல மடங்கு விலை.

## ஏசி குளிரவில்லை

காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர். பல கார்களில் டேஷ்போர்டிலுள்ள குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், ஐந்து நிமிட வேலை. காற்று வருகிறது, குளிர் இல்லை என்றால் ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள, ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரைக் கழுவுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கேஸ் குறைந்திருக்கும். கசிவைத் தேடாமல் வெறுமனே கேஸ் நிரப்பும் இடத்துக்குப் போகாதீர்கள், பயணத்தின் பாதியிலேயே மறுபடி காலியாகும்.

## இரவில் சாலை சரியாகத் தெரியவில்லை

கண்ணாடியைச் சுத்தம் செய்யுங்கள், உட்புறத்தையும். வைப்பர் கோடு போட்டால் பிளேடை ஈரத் துணியால் துடையுங்கள், அப்படியும் போட்டால் மாற்றுங்கள். பின்னால் சுமை ஏறினால் ஹெட்லைட் மேல்நோக்கி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஸ்டீயரிங்குக்கு அருகே உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி இறக்குங்கள்.

## சாமான் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது

முதலில் சாமானைக் குறையுங்கள். கையேட்டில் மொத்த எடை வரம்பும், கூரைக் கம்பிக்குத் தனி வரம்பும் இருக்கும். கூரையின் வரம்பு நினைப்பதைவிட மிகக் குறைவு. கனமானவற்றைப் பின்னிருக்கையை ஒட்டித் தாழ்வாக வையுங்கள். வரம்புக்குள் இருந்தும் மேடுபள்ளத்தில் ஒருமுறைக்கு மேல் துள்ளினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது.

## எந்த அறிகுறியும் இல்லை

அப்படியானால் ஸ்டெப்னி. அதன் காற்றை யாரும் பார்ப்பதில்லை. சிறிய ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அதன் மேலேயே எழுதியிருக்கும். ஸ்டெப்னியே இல்லாமல் ஒட்டுத் திரவம் மட்டும் கொடுத்திருக்கும் கார்களில் அந்தப் புட்டியின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். கடையில் மெஷின் வைத்து முறுக்கிய நட்டு உங்கள் ஸ்பேனருக்கு அசையாமல் இருப்பது அப்போதுதான் தெரியும். பூட்டு நட்டு உள்ள கார் என்றால் அதன் சாவி உண்மையில் காரில் இருக்கிறதா? முந்தைய சர்வீஸில் கழற்றியவர் மேசையிலேயே வைத்துவிட்டிருப்பார். கடைசி வாரம் சக்கரம் கழற்றப்பட்ட எந்தக் காரிலும் 50–100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.